ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதன்

கேள்வி இதுதான்: "காமிக்ஸிலிருந்து வந்த, சட்டத்தைக் கையில் எடுக்கும் நாயகன் படங்களில், ரசிகன் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்த படம் எது? பேட்மேன் வேண்டாம், அதை எல்லோரும் சொல்கிறார்கள்."

பேட்மேன் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு யோசிக்க வேலையே இல்லை. 2012-இல் வந்த 'ட்ரெட்'.

உடனே ஒரு ஆட்சேபம் வரும். ஜட்ஜ் ட்ரெட் சட்டத்தைக் கையில் எடுப்பவன் இல்லையே, அவனே சட்டமாயிற்றே? சரிதான். பேட்மேன், பனிஷர் மாதிரி காமிக்ஸ் நாயகர்கள், போலீஸும் கோர்ட்டும் செய்யத் தவறியதை ஒளிந்து மறைந்து செய்கிறவர்கள். ட்ரெட் அதையே அரசாங்கச் சீருடையில், பட்டப்பகலில் செய்கிறான். பிடிப்பது, விசாரிப்பது, தீர்ப்புச் சொல்வது, அதை நிறைவேற்றுவது நாலும் ஒரே ஆள், நடுத்தெருவில், அரை நிமிடத்தில். முகமூடிக்காரனுக்கு அரசாங்கமே பேட்ஜும் துப்பாக்கியும் கொடுத்து, இனி நீதான் நீதிமன்றம் என்று சொல்லிவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று கேட்ட காமிக்ஸ் அது. அதனால் உங்கள் கேள்விக்குள் அவனைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

எதிர்பார்ப்பைத் தாண்டியது என்றால், எதிர்பார்ப்பு எங்கே கிடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். பாதாளத்தில் கிடந்தது. காரணம் 1995-இல் சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்து வந்த 'ஜட்ஜ் ட்ரெட்'. சுமார் 9 கோடி டாலர் செலவு. கவசத்தை வடிவமைத்தது இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் வெர்சாச்சே. நகரம் பார்க்க அட்டகாசமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டலோன் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார். பிறகு படம் முழுக்க அவர் முகம்தான். கூடவே சிரிப்பு மூட்ட ராப் ஷ்னைடர். காமிக்ஸில் தனித்தனியாக ஆற அமர வந்த ட்ரெட்டின் சகோதரன் ரிகோவின் கதை, சபிக்கப்பட்ட நிலம் என்ற பாலைவனத்துக் கொள்ளைக்காரர்களான ஏஞ்சல் குடும்பம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருந்தார்கள். முகம் காட்டுவதில் என்ன பெரிய குற்றம் என்று காமிக்ஸ் படிக்காதவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1977 பிப்ரவரி கடைசியில் லண்டனிலிருந்து '2000 ஏடி' என்ற வார இதழ் வரத் தொடங்கியது. உருவாக்கியவர் பேட் மில்ஸ். இரண்டாவது இதழில், மார்ச் மாதம், ட்ரெட் முதன்முதலாகத் தலைகாட்டினான். சரியாகச் சொன்னால் ஹெல்மெட் காட்டினான். அவனை உருவாக்கிய எழுத்தாளர் ஜான் வாக்னர். உருவம் கொடுத்தவர் கார்லோஸ் எஸ்கெரா, ஸ்பெயின் நாட்டு சரகோசாக்காரர்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வம்சம் அந்நியம் இல்லை. மாயாவி 1962-இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். அவரை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோவும் ஸ்பானியர்தான். லண்டன் பதிப்பாளர்கள் ஸ்பெயினில் ஓவியர்களைப் பிடித்து வரைய வைப்பது அன்றைக்கு வழக்கம். அதே 'வேலியன்ட்'டில் எழுபதுகளின் நடுவில் வாக்னர் 'ஒன்-ஐட் ஜாக்' என்று ஒரு முரட்டு நியூயார்க் போலீஸ்காரன் கதையை எழுதினார். அவனுடைய முறுக்கை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் ட்ரெட். ஆக, சிவகாசி வழியாக நம் கைக்கு வந்த மாயாவிக்கு ட்ரெட் ஒரு வகையில் பங்காளி முறை.

எஸ்கெரா வளர்ந்தது சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினில். ட்ரெட்டின் தோளில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய கழுகு, தடித்த பூட்ஸ், கண்ணை மறைக்கும் ஹெல்மெட் எல்லாம் அவர் ஊரில் பார்த்த சீருடைகளின் சாயல். படம் போட்டவருக்கு அவன்மேல் பக்தி கிடையாது, பயம் இருந்தது. எழுதினவருக்கும் அப்படித்தான். முப்பத்தைந்து வருஷம் காமிக்ஸில் அவன் முகத்தை முழுசாகக் காட்டாமலே ஓட்டினார்கள் என்றால், அது ஏதோ சஸ்பென்ஸுக்காக இல்லை. முகம் காட்டினால் அவன் மனுஷனாகிவிடுவான், நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுவோம். சட்டத்துக்கு முகம் இருக்கக் கூடாது என்பது வாக்னரின் கணக்கு. ஸ்டலோன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது இந்தக் கணக்கு மொத்தமும் கவிழ்ந்தது.

பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த '2000 ஏடி' ஒன்று கையில் கிடைத்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பித்து. அதனால் மறுபடியும் ட்ரெட் படம் வருகிறது என்று கேள்விப்பட்டபோது எரிச்சல்தான் வந்தது. செலவு 1995 படத்தில் பாதிக்கு மேல் இல்லை. படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவில். அதற்கு மேல் முப்பரிமாணம் வேறு. டிரெய்லர் வந்ததும் இன்னொரு அடி: இந்தோனேசியப் படமான 'தி ரெய்டு'வும் இதே கதைதான், ஒரு அடுக்குமாடிக் கட்டடம், மேல் மாடியில் தாதா, கீழே மாட்டிக்கொண்ட போலீஸ். திருட்டுக் கதை என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் 'ட்ரெட்' படப்பிடிப்பு 2010 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. 'ரெய்டு' முதன்முதலாகத் திரையிடப்பட்டது 2011 செப்டம்பரில். யாரும் யாரிடமும் திருடவில்லை. ஆனால் அப்போது இதையெல்லாம் யார் சரிபார்த்தார்கள்? நானும்தான் பார்க்கவில்லை.

படம் தொடங்குகிறது. இருட்டில் ஒருவன் கவசம் மாட்டுகிறான், ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைக்கிறான். முகம் நிழலில் போய்விடுகிறது. அவ்வளவுதான், அதன்பிறகு 95 நிமிடமும் அந்த ஹெல்மெட் கழலாது. நம் சினிமாவில் முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் முதுகு, கடைசியில் முகம் என்று காட்டி விசில் வாங்குவார்கள் இல்லையா? இங்கே அந்தக் கடைசி ஷாட் வரவே வராது.

நடித்தவர் கார்ல் அர்பன், நியூசிலாந்துக்காரர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் இயோமராக வந்தவர் என்றால் உங்களுக்குத் தெரியும். பதின்வயதிலிருந்தே ட்ரெட் வாசகர். ஒரு நடிகரிடமிருந்து கண்ணைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? மூக்கு நுனி, வாய், தாடை, குரல். இந்த நாலை வைத்துக்கொண்டே மனிதர் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார். காமிக்ஸில் ட்ரெட்டின் வாய் எப்போதும் கவிழ்த்த பிறைபோல இருக்கும். அர்பனும் வாயை அப்படியே வைத்திருக்கிறார். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு வரும். அப்புறம் அந்த வாய் கால் அங்குலம் அசைந்தாலே நாம் கவனிக்கத் தொடங்கிவிடுவோம்.

எழுதியவர் அலெக்ஸ் கார்லண்ட். இயக்குநர் என்று டைட்டிலில் இருப்பது பீட் டிராவிஸ் பெயர். ஆனால் படத்தை உண்மையில் இயக்கியது கார்லண்ட்தான் என்று 2018-இல் அர்பன் வெளிப்படையாகச் சொன்னார். படம் பார்த்தால் நம்பத் தோன்றும், ஏனென்றால் இதில் எழுத்தாளரின் கை தெரிகிறது. குறிப்பாக எதையெல்லாம் எழுதாமல் விட்டார் என்பதில்.

ஆரம்பக் கதை இல்லை. அவன் யார், ஏன் இப்படி ஆனான், அப்பா அம்மாவை யார் கொன்றார்கள், ஒன்றும் கிடையாது. காதல் இல்லை. உலகத்தைக் காப்பாற்றும் வேலையும் இல்லை. ஒரே ஒரு நாள், அதுவும் அவனுக்குச் சாதாரண வேலைநாள். அணுப்போரில் அமெரிக்கா பாழாகிவிட்டது. பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை நீளும் மெகா சிட்டி ஒன் நகரத்தில் 80 கோடிப் பேர் அடைந்து கிடக்கிறார்கள். நாளொன்றுக்கு 17,000 பெருங்குற்றங்கள். ஜட்ஜுகளால் எட்டிப் பார்க்க முடிவது அதில் ஆறு சதவீதம். எந்த ஆறு சதவீதம் என்று அவனோடு பயிற்சிக்கு வந்த பெண் கேட்கிறாள். நீயே தேர்ந்தெடு என்கிறான் ட்ரெட். இரண்டு வரி வசனத்தில் அந்த நகரத்தின் நிர்வாகம் முழுவதும் புரிந்துவிடுகிறது.

அந்தப் பயிற்சிப் பெண்தான் ஆண்டர்சன், நடித்தவர் ஒலிவியா தர்ல்பி. அடுத்தவர் மனதைப் படிக்கும் சக்தி உள்ளவள். பரீட்சையில் மூன்று சதவீதத்தில் கோட்டை விட்டவள். ஒரு நாள் உன்னோடு வைத்திருந்து பார்த்து, தேறுவாளா மாட்டாளா என்று சொல் என ட்ரெட்டிடம் ஒப்படைக்கிறார்கள். அவள் ஹெல்மெட் போட மாட்டாள், போட்டால் மனதைப் படிக்கும் சக்தி தடைபடும் என்கிறாள். தலையில் குண்டு பாய்ந்தால் இன்னும் அதிகம் தடைபடும் என்கிறான் இவன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். காமிக்ஸின் வறட்டு நகைச்சுவை அப்படியே இறங்கியிருக்கிற இடம் அது.

இந்த ஜோடியில்தான் படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. எந்தப் படத்துக்கும் மாறுகிற ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. ஹாலிவுட் வழக்கப்படி நாயகனை மாற்றுவார்கள், கல்நெஞ்சன் கடைசியில் கண்ணீர் விடுவான். ட்ரெட் மாறினால் அவன் ட்ரெட் இல்லை. எனவே கார்லண்ட் மாறும் வேலையை ஆண்டர்சனிடம் கொடுத்துவிட்டு, ட்ரெட்டை ஒரு மலைபோல அசையாமல் நிறுத்திவிட்டார். முகம் தெரிகிறவள் அவள், அதனால் நாம் பார்ப்பதும் அவளை. பயம், தயக்கம், குற்ற உணர்ச்சி எல்லாம் அவள் முகத்தில் ஓடுகின்றன.

ஒரு காட்சி சொல்கிறேன். பீச் ட்ரீஸ் என்ற 200 மாடிக் கட்டடத்தில் ஒரு போதைக் கூடத்துக்குள் இருவரும் நுழைகிறார்கள். அடிபட்டுக் கீழே கிடக்கும் ஒருவனுக்கு மரண தண்டனை. அதை நிறைவேற்றும் வேலை ஆண்டர்சனுக்கு. தயங்குகிறாள், பிறகு சுடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து, கட்டடம் முழுக்க இவர்களை வேட்டையாடும்போது, ஒரு பெண் தன் வீட்டில் இடம் கொடுத்து வழி சொல்கிறாள். கைக்குழந்தைக்காரி. அவள் கணவன் யார் என்று ஆண்டர்சனுக்குத் தெரிந்துவிடுகிறது. சற்றுமுன் இவள் சுட்டது அவனைத்தான். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. ஆண்டர்சன் சொல்லவும் இல்லை. பின்னணி இசையைக் கூட்டி நம்மை அழவைக்கிற வேலை எதுவும் இல்லாமல் காட்சி முடிந்துவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் எதிர்பார்த்துப் போன எனக்கு அங்கேதான் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. உடனடி நீதி என்று கைதட்டுகிறோமே, அதன் மறுபக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று காட்டிவிட்டு, ஒரு வரி உபதேசம் இல்லாமல் படம் அடுத்த சண்டைக்குப் போகிறது.

வில்லி மா-மா. லீனா ஹெடி நடித்தது. முன்னாள் பாலியல் தொழிலாளி, முகத்தில் பெரிய வெட்டுத் தழும்பு, கட்டடமே அவள் கைக்குள். கத்துவதில்லை, சிரிப்பதில்லை, எல்லாவற்றிலும் சலிப்பு. தன் ஆள் ஒருவனை ட்ரெட் பிடித்துவிட்டான் என்றதும் கட்டடத்தின் இரும்புக் கதவுகளை இறக்கி மூடிவிட்டு, ஜட்ஜுகளைக் கொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறாள். மூன்று ராட்சதச் சுழல் துப்பாக்கிகளை வைத்து ஒரு தளத்தையே, உள்ளே குடியிருக்கிற ஜனங்களோடு சேர்த்து, சல்லடையாக்குகிற காட்சியில் அவள் முகத்தைப் பாருங்கள். கறிகாய் நறுக்குகிறவள் முகத்தில்கூட இதைவிட அக்கறை இருக்கும்.

அவள் விற்கும் போதைமருந்தின் பெயர் ஸ்லோ-மோ. உறிஞ்சினால் நேரம் நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுவதுபோல மூளைக்குத் தோன்றும். இதைக் கேட்டதும் ஆக்‌ஷன் படத்தில் ஸ்லோமோஷன் வைக்க ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் ஆண்டனி டாட் மேண்டில். மும்பைச் சேரிகளில் ஓடி ஓடி 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். ஃபேண்டம் என்ற அதிவேகக் கேமராவில் நொடிக்கு ஆயிரக்கணக்கான ஃப்ரேம் கணக்கில் எடுத்திருக்கிறார். குளியல் தொட்டியில் மா-மா கையைத் தூக்குகிறாள், நீர்த்துளிகள் உடைந்த கண்ணாடி மணிகள்போல வானவில் நிறத்தில் மிதக்கின்றன. அதே அழகோடு ஒருவன் கன்னத்தைக் குண்டு துளைத்துப் போவதையும் காட்டுகிறார்கள். பார்க்கக் கூசுகிறது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. காரை உதிர்ந்த சாம்பல்நிறக் கட்டடத்தில் நாள் முழுக்கக் கிடக்கிறவர்களுக்கு இந்த மருந்து ஏன் வேண்டியிருக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமலே விளங்கிவிடுகிறது. முப்பரிமாணம் என்றால் முகத்தை நோக்கி எதையாவது எறிவது என்று இருந்த காலத்தில், அதைக் கதையோடு சேர்த்துத் தைத்த மிகச் சில படங்களில் இது ஒன்று.

கடைசியில் மா-மா தன் இதயத்துடிப்போடு ஒரு வெடிகுண்டை இணைத்துக் கட்டிக்கொண்டு, நான் செத்தால் மேல் மாடிகள் எல்லாம் தகர்ந்துவிழும் என்கிறாள். ட்ரெட் யோசிக்கிறான். 200 மாடிக்குக் கீழே தரையிலிருந்து சிக்னல் இத்தனை கான்கிரீட்டைத் தாண்டி மேலே எட்டாது. அவளுக்கு அவளுடைய சரக்கையே கொடுத்து உறிஞ்சவைத்து மேலிருந்து தள்ளிவிடுகிறான். அந்த வீழ்ச்சியை முழுக்க அவள் பார்வையில், நூறில் ஒரு பங்கு வேகத்தில் காட்டுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில் மூன்று பேரை அவள் இதே மாதிரிதான் தள்ளச் சொல்லியிருந்தாள். ட்ரெட் அதற்காகப் பழி தீர்க்கும் வசனம் ஒன்றும் பேசவில்லை. அது அவனுக்குத் தண்டனை நிறைவேற்றம், வேலையில் ஒரு பாகம். வெளியே வந்ததும் தலைமை நீதிபதி உள்ளே என்ன நடந்தது என்று கேட்கிறாள். போதைமருந்து ரெய்டு, குற்றவாளிகள் ஒத்துழைக்கவில்லை என்கிறான். பிணக்குவியலை இரண்டு வரி ரிப்போர்ட்டில் முடித்துவிடுகிற அரசு ஊழியனை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா?

எல்லாமே சரியா என்றால், இல்லை. காமிக்ஸின் மெகா சிட்டி ஒன் ஒரு பைத்தியக்கார ஊர். உடம்பைப் பெருக்கவைத்துப் போட்டி போடுகிறவர்கள், காசு கொடுத்து அசிங்கமாக்கிக்கொள்கிற கடைகள், எதற்கெடுத்தாலும் பக்கத்துக் கட்டடத்தோடு யுத்தம் தொடங்குகிற குடியிருப்புகள் என்று ஒவ்வொரு வாரமும் புதுக் கிறுக்குத்தனம் வரும். வாக்னர் அதை வைத்துத் தன் காலத்து பிரிட்டனையும் அமெரிக்காவையும் கிழித்துத் தோரணம் கட்டினார். படத்தில் அந்தக் கோணல் சிரிப்பு மிகக் குறைவு. தெருக்களில் ஓடுவது நம் காலத்து வண்டிகள். கட்டடங்களைத் தவிர்த்துப் பார்த்தால் நகரம் இன்றைய ஜோகன்னஸ்பர்க் மாதிரிதான் இருக்கிறது. பணம் இல்லாததன் விளைவு என்று தெரிந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் ஸ்டலோன் படம்தான் பணக்காரப் படம்.

ஆனால் அதே பணமின்மைதான் இந்தப் படத்தைக் காப்பாற்றியது என்றும் எனக்குத் தோன்றும். காசு இருந்திருந்தால் நகரம் முழுக்கச் சுற்றியிருப்பார்கள், வானத்தில் பறக்கிற வண்டிகள் இருந்திருக்கும், கடைசியில் வானத்திலிருந்து எதையாவது விழவைத்திருப்பார்கள். கைச்செலவுக்கு ஏற்ற மாதிரி ஒரு கட்டடம், ஒரு நாள், இரண்டு ஜட்ஜ் என்று சுருக்கினதால், வார இதழில் ஆறு பக்கத்தில் முடிகிற ஒரு ட்ரெட் கதையின் அளவுக்குப் படம் வந்து நின்றது. காமிக்ஸில் பெரிய காவியங்கள் இருந்தாலும் அவனுடைய அன்றாடம் அந்த ஆறு பக்கம்தான்.

வசூலைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் 63 லட்சம் டாலர், உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 4 கோடி டாலர். பிரிட்டனில் மட்டும் முதல் வாரம் முதலிடம். வயது வந்தோர் மட்டும் பார்க்கலாம் என்ற சான்றிதழ், 1995-இன் கெட்ட பெயர், முப்பரிமாணத்துக்கான கூடுதல் டிக்கெட் விலை, எல்லாம் சேர்ந்து கவிழ்த்துவிட்டன. பிறகு டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும்தான் ஜனம் கண்டுபிடித்தது. இரண்டாம் பாகம் கேட்டு ரசிகர்கள் வருஷக்கணக்கில் மனு போட்டார்கள். வரவில்லை.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், தோலுரித்த பிணங்கள் முதல் இருபது நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும். பார்த்து முடித்ததும் ட்ரெட்மேல் உங்களுக்குப் பிரியம் வந்திருந்தால் (எனக்கு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது) 1990-இல் வாக்னர் எழுதி காலின் மெக்நீல் வரைந்த 'அமெரிக்கா' என்ற கதையைத் தேடிப் படியுங்கள். அதில் ஜனநாயகம் கேட்டுப் போராடுகிற ஒரு பெண்ணுக்கு எதிரில் நிற்பது இதே ஆள்தான், அதே ஹெல்மெட்டோடு.